அடுப்புக் கல்லுக்குக் கீழே ஒரு கிண்ணம்

...தானாக விழுந்திருந்தால் உடைந்திருக்கும், இதில் ஒரு கீறல்கூட இல்லை, அடுப்புக் கல்லுக்கு அடியில் குழி பறித்து, வாய் கீழே பார்க்க, அமுக்கி வைத்த மாதிரி அல்லவா இருக்கிறது... அகழாய்வுக்கு உதவிக்கு வந்திருந்த கோரா குனிந்து கிண்ணத்தின் அடிப்பாகத்தைத் தூரிகையால் மறுபடி துடைத்தாள். கலிபோர்னியக் கரையில் நூறு வருடத்துக்கு முன் எரிந்துபோன சீனர் குப்பத்தில், கோயிலை ஒட்டிய கடைசி வீடு இது. அம்மா வழிக் கொள்ளுத்தாத்தா மோக் யிங்கின் வீடு. இங்கிருந்துதான் அவர் கணவாய் மீன் பிடிக்கப் போனார், படகு கவிழ்ந்து செத்தார். கொள்ளுப்பாட்டி சுய்-ஹா நாற்பது நாள் கரையிலேயே நின்றாளாம், சோறு தண்ணி இல்லாமல். யார் பார்த்தது? நாற்பது நாள் தண்ணீர் குடிக்காவிட்டால் அவளும் போய்ச் சேர்ந்திருப்பாள்... “எலி இழுத்துட்டுப் போயிருக்கும் ஆன்ட்டி, இதுக்குப் போய்ப் பேயடிச்ச மாதிரி ஒக்காந்திருக்கீங்க” என்றாள் அகழாய்வை நடத்தும் ட்ரேசி. அவள் சலவைக்கடைக்காரர் வீட்டுப் பெண், அவளுக்கு என்ன தெரியும், படகுக்காரர் வீட்டில் கிண்ணத்தைக் கவிழ்ப்பார்களா? கவிழ்த்தால் படகு கவிழும். ஏழு வயதில் கழுவிய கிண்ணங்களை நீர் வடியட்டும் என்று கவிழ்த்து வைத்தபோது அம்மாவின் கரண்டி மணிக்கட்டில் இறங்கியது, “யாரடி கொல்லப் பாக்குற?” அப்பா பேருந்து ஓட்டுநர், வீட்டில் படகே கிடையாது. இருந்தும் இன்றுவரை கோராவின் சமையலறையில் கிண்ணங்கள் நிமிர்ந்தே காய்கின்றன, அடியில் தண்ணீர் தேங்கத் தேங்க...

கைப்பேசி அடித்தது. மாமா மகன் ஹ்யூபர்ட். “கொள்ளுப்பாட்டிக்கு நினைவுக்கல்லு வெட்ற ஆளு வந்துட்டான் கோரா. ‘கணவனுக்காகக் காத்திருந்தவள்’னு போடச் சொல்லிட்டேன், சரிதானே?” கொஞ்சம் பொறுடா என்றாள். “நூறு வருஷமா காத்திருக்கா, இன்னும் எத்தன நாளு பொறுக்கச் சொல்ற?” சிரித்தான். மோக் யிங் எப்படிப்பட்ட ஆள்? செத்தார் என்பதைத் தவிர வீட்டில் யாரும் எதுவும் சொன்னதில்லையே, அடிப்பவரா, குடிப்பவரா, வெறுமனே பிடிக்காதவரா? படகு போகும் முன்பே புதைத்தாளா, போன பிறகா? முன்பே என்றால் இந்தக் கல்லின் மேல்தான் தினம் அவருக்குச் சோறு வடித்தாளா... பிறகு என்றால் எதற்கு? பதிவுத்தாளில் ‘கிடைத்த நிலை’ என்ற கட்டம் காலியாக இருந்தது. எலி என்று ட்ரேசி சொன்னதை எழுதிவிட்டால் கல்லில் வெட்டப்போகும் வாசகத்துக்கு ஒரு குறையும் வராது. கோரா எழுதினாள்: வாய் கீழே, கையால் வைக்கப்பட்டது.

“பேர மட்டும் வெட்டச் சொல்லுடா.” ஏன் என்று அவன் கத்துவது கேட்டது, துண்டித்தாள். கிண்ணத்தை எடுத்தாள், அடியில் வெறும் மண். உள்ளங்கையில் கச்சிதமாகப் பொருந்தியது, தட்டில் வைக்கும்போது கை தன்னால் அதை நிமிர்த்தியது. அந்தப் பழக்கம் அம்மாவிடமிருந்து வந்தது. அம்மாவுக்கு அவள் அம்மாவிடமிருந்து, அவளுக்கு... சுய்-ஹாவிடமிருந்துதானே? முதல் கரண்டியை ஓங்கியவள் இவள்தானா? அப்படியானால், யாரடி கொல்லப் பாக்குற என்று அவள் கேட்டது யாரை?