முள் வைக்காத இடம்

அன்று ரூமிகோவுக்கு நான் ஏசிய ஏச்சை நினைத்தால், இப்போதும் என் வாயில் இரண்டு போடவேண்டும் போலிருக்கிறது. ஆனாலும் என் பக்க நியாயத்தையும் கொஞ்சம் கேளுங்கள்.

ஸ்காபரோவில் ஒரு பிளாசாவின் மூலையில் எனக்குத் தையல் கடை. சாரி பிளவுஸ் தைப்பேன், காற்சட்டை நீளம் குறைப்பேன், சிப் மாற்றுவேன். ரூமிகோ என்னிடம் வருவது டெனிம் தைக்க. அவளுடைய வீட்டு மெசினில் நாலு மடிப்பு டெனிம் ஓடாது, என்னுடையதில் ஓடும். ஜப்பானின் வடக்கே ஹொக்கைடோ தீவில் ஜப்பானியர் வந்து குடியேறும் முன்பே வாழ்ந்தவர்கள் அவளுடைய ஐனு சனம். மரப்பட்டையில் நாரெடுத்து நெய்த அங்கிகளில் அவர்கள் போட்ட சுருளையும் வளைவையும் இவள் டெனிம் ஜக்கெற்றிலும் மழைக் கோட்டிலும் துணி வெட்டி வைத்துக் கையால் தைக்கிறாள். கண்காட்சிகளில் வைக்கிறார்கள், நல்ல பெயர் இருக்கிறது.

கழுத்து, மணிக்கட்டு, கீழ் விளிம்பு என்று உடுப்பு எங்கெல்லாம் திறக்கிறதோ, அங்கெல்லாம் முள் மாதிரி ஒரு கூர் வைப்பாள்.

"கூடாதது உள்ள வராது. எங்கட ஆக்கள் அப்பிடித்தான் சொல்லுவினம்," என்றாள். எங்களுக்குள் நடப்பது உடைந்த ஆங்கிலம்தான், நான் அதை என் தமிழில் சொல்கிறேன். எனக்கு அது உடனே விளங்கிவிட்டது. என் கடை வாசலுக்கு மேலேயும் குருத்தோலைச் சிலுவை செருகித்தான் இருக்கிறது.

என் மனுசன் சூசைதாசனுக்குச் செவ்வாய், வியாழன், சனி டயாலிஸிஸ். நாலு மணித்தியாலம் ரத்தத்தைச் சுத்தம் செய்கிற மெசினோடு கிடக்கும்போது குளிரில் உதறும். அதனால் அவருடைய நீல ஜக்கெற்றின் இடது கையில் நீளமாக ஒரு சிப் வைத்துக் கொடுத்தேன். கழற்றாமலே திறந்து ஊசி ஏற்றலாம். வைத்து என்ன? போன மாதத்திலிருந்து மனுசன் புதுக் கதை தொடங்கினார்.

"காணும், மக்டலீன். இனி நான் போகேல்லை."

நிறுத்தினால் இரண்டு கிழமைக்கு மேல் தாங்காது என்று டொக்டர் என்னிடம் நேராகவே சொல்லியிருந்தார். ஒவ்வொரு முறையும் கெஞ்சி, ஏசி, அழுதுதான் காரில் ஏற்றுவேன். ரூமிகோவிடம் சொல்லி அழுததும் உண்டு. ஒரு சனிக்கிழமை பின்னேரம் அவள் அந்த ஜக்கெற்றைக் கடை மேசையில் கண்டாள். சிப்பைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள்.

"இதை எனக்கு ரெண்டு நாள் தாங்கோ," என்று கொண்டுபோனாள்.

திங்கள் மாலை கொண்டுவந்து வைத்துவிட்டு, பஸ் வருகிறது என்று ஓடிவிட்டாள். விரித்துப் பார்த்தேன். நீலத்தின்மேல் வெள்ளைத் துணி வளைந்து வளைந்து ஓடியது. கழுத்தில் முள், விளிம்பில் முள், இரண்டு மணிக்கட்டிலும் முள். வடிவென்றால் அப்படியொரு வடிவு! ஆனால் சிப்பைச் சுற்றி ஒன்றுமே இல்லை. வெள்ளைக் கோடு அந்த இடத்துக்கு வந்து, இரண்டாகப் பிரிந்து, விலகிப் போயிருந்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கிழமைக்கு மூன்று தரம் தடித்த இரண்டு ஊசி இறங்குகிற இடம். அந்த ஓர் இடத்தை மட்டும் மறந்துவிட்டாளே! அதே வெள்ளை நூலில், அவளுடைய முள்ளைப் பார்த்துப் பார்த்து, சிப்பின் இரு பக்கமும் பதினாறு முள் நானே தைத்தேன். அவளாலேயே வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது என்று பெருமை வேறு.

செவ்வாய் காலை ரூமிகோ தன் டெனிமை எடுக்க வந்தாள். என் மனுசன் ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு, வரமாட்டேன் என்று கடைக் கதிரையில் கையைக் கட்டியபடி இருந்தார். அவள் அவருடைய கையைப் பார்த்த உடனே நின்றுவிட்டாள்.

"உது நான் வைச்சதில்லை."

"நான்தான் வைச்சனான். நீர் மறந்துபோனீர்."

"மறக்கேல்லை. பழைய உடுப்புகளில சிப்பும் இல்லை, இப்பிடி ஊசியும் இல்லை. ஆரிட்டையும் கேக்கேலாது. ரெண்டு நாளா நானே யோசிச்சன். இது அவரின்ர ரத்தம் வெளியில போய்த் திரும்பி வாற வாசல். அதாலதான் திறந்து விட்டனான். நீங்கள் அடைச்சுப்போட்டியள்."

"உமக்கு விசரே? நூலைக் கண்டு ஊசி நிக்குமே? உம்மட மனுசனுக்குக் குத்தினாலெல்லோ உமக்குத் தெரியும்!"

அவளுக்கு மனுசன் இல்லை. தெரிந்துகொண்டுதான் சொன்னேன். அவள் டெனிமைச் சுருட்டத் தொடங்கினாள்.

"மக்டலீன், உந்தத் தையல் பிரிக்கிற கத்தியை இஞ்சால தாரும்," என்றார் இவர். ஜக்கெற்றைக் கழற்றி மடியில் வைத்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, முதல் முள்ளைப் பிரிக்கத் தொடங்கினார்.

"என்ன செய்யிறியள்?"

"அவ சொல்லுறது சரி. நீர் பயத்தில அடைச்சனீர்."

"எனக்கென்ன பயம்?"

"ஊசி ஏத்தேக்க ஒவ்வொரு தரமும் நீர் சுவரைப் பாத்துக்கொண்டு நிக்கிறீர். உம்மட தோள் நடுங்கிறது எனக்குத் தெரியுது. ஊசி எனக்குப் பழகிட்டுது. நீர் நடுங்கிறதைத்தான் பாக்கேலாமல் கிடக்கு. உமக்காகத்தான் காணும் எண்டனான்."

இத்தனை நாளும் அவரையல்லவா பயந்தாங்கொள்ளி என்று ஏசிக்கொண்டு திரிந்தேன்! கோதாரி விழுந்த மனுசன், ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. கடையென்றும் பாராமல் விம்மி விம்மி அழுதேன்.

ரூமிகோ டெனிமை வைத்துவிட்டு அவருக்குப் பக்கத்தில் வந்திருந்து சிப்பின் மற்றப் பக்கத்து முட்களைப் பிரித்தாள்.

"மன்னிச்சுக்கொள்ளும்," என்றேன்.

"தையல் நல்லாயிருக்கு," என்றாள் நிமிராமல். "அதுதான் பிரிக்கக் கஷ்டமாக் கிடக்கு."

பதினாறையும் பிரிக்க அரை மணித்தியாலம் எடுத்தது. அவர் தானாகவே போய்க் காரில் ஏறினார். கடையை ரூமிகோவிடம் விட்டுவிட்டு நானும் போனேன்.

நேர்ஸ் சிப்பைத் திறந்தாள். நான் கதிரையைக் கிட்ட இழுத்துப் போட்டு, அவருடைய கையையே பார்த்தேன். முதல் ஊசி போனது. சுவர்ப் பக்கம் திரும்பாமல் பார்த்தேன். அவர் ஊசியைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வியாழக்கிழமையும் வருவீரோ?" என்று கேட்டார்.