பல்லில் கடித்த பறி

பரத் ஐந்து மணிக்கு எழுந்தான். பல் தேய்த்தான். குழாயில் இரண்டு குடம் பிடித்தான். பழைய சோற்றைக் கரைத்துக் குடித்துவிட்டுச் சட்டையை மாட்டினான். மீஞ்சூர் கம்பெனிக்கு லீவு சொல்லியாகிவிட்டது. மனைவி மஞ்சு செத்து மூன்று வருடமாக இதே வரிசைதான். கோர்ட்டு நாளில் மட்டும் வேறு பஸ்.

மாமியார் எல்லம்மா இறால் பிடித்துப் போடும் பனையோலைப் பறியோடு வாசலில் நின்றாள்.

"இன்னா மாப்ளே, டெல்லி ஜட்ஜுக்கு ரெண்டு எறா எடுத்துக்கினு வரவா?"

"பறிய வச்சிட்டு வா அத்தே."

"திரும்பி வரச்சொல்ல ஏரில எறங்கணும். நீயா சோறு போடப்போற?"

மஞ்சு ஏரியில் கையால் எறா தடவிக்கொண்டிருந்தபோது, குடித்துவிட்டு மோட்டார் படகை ஓட்டிவந்து ஏற்றியவன் வின்சென்ட். கீழ்க்கோர்ட்டு ஏழு வருடம் கொடுத்தது. மேல்கோர்ட்டு ஒன்றரையாகக் குறைத்தது. அதை அவன் ஏற்கெனவே கழித்துவிட்டிருந்தான். இப்போது வீட்டில் இருக்கிறான். டெல்லியில் அப்பீல் போட நாளையோடு கெடு.

பொன்னேரியில் வக்கீல் தானியேல் தீர்ப்பை விரல் வைத்துப் படித்தார்.

"'இறந்தவர் குரல் கொடுத்து எச்சரித்ததாகச் சாட்சியம் இல்லை.' இத வச்சுத்தான் குறைச்சிருக்காங்க. அவங்க கத்தினாங்கன்னு மனுவுல சேத்துட்டேன். நீங்க பக்கத்துலதான இருந்தீங்கம்மா? பரத், கையெழுத்துப் போடுங்க."

பரத் பேனாவை எடுத்தான். போட்டுவிட்டால் வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம்.

"கத்துனாளா?" என்றாள் எல்லம்மா. "பறிய கடிச்சிக்கினு எப்டி சாமி கத்துவா?"

பறியின் கயிற்றைப் பல்லில் கடித்தாள். குனிந்து இரண்டு கைகளாலும் தரையைத் தடவிக் காட்டினாள். "ம்ம்" என்றாள். அவ்வளவுதான் வந்தது.

தானியேல் கண்ணாடியைக் கழற்றினார். "இத ஏன் கோர்ட்ல சொல்லல?"

"யாரு கேட்டாங்க? இதுகூட தெரியாமயா ஜட்ஜு ஆவாங்க?"

பரத்துக்கும் தோன்றவில்லை. பி.காம். படித்தவன். பிறந்ததிலிருந்து பார்ப்பதை யார் போய்ச் சாட்சி சொல்வார்கள்?

தானியேல் வழக்குக் கட்டைப் புரட்டினார். பிரேதப் பரிசோதனை அறிக்கையின் மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி: பற்களுக்கிடையில் பனைநார். யாரும் அதன்மேல் கோடு போட்டிருக்கவில்லை. 'கத்தினார்' என்பதை அவர் அடித்தார். 'கத்த முடியாது' என்று எழுதி, அந்தப் பக்கத்தின் எண்ணைச் சேர்த்தார்.

"ஏத்துப்பாங்களா?" என்றான் பரத்.

"தெரியாது. ஆனா பொய் இல்ல." தயங்கிக் கேட்டார். "அன்னைக்கு அவங்க கடைசியா பேசினது?"

ஊரில் ஆளுக்கொன்று சொன்னார்கள். 'என் புருசனப் பாத்துக்கோங்க' என்றாளாம். சாமி பேரைச் சொன்னாளாம். அன்று பரத் கரையில் பஸ்ஸுக்கு நின்றிருந்தான். முழங்கால் தண்ணீரில் மஞ்சு திரும்பிக் கேட்டாள். அவன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்றுமில்லை என்றுகூட அவன் சொல்லவில்லை.

கையெழுத்தைப் போட்டுவிட்டு, மஞ்சு சொன்னதை அப்படியே சொன்னான்.

"பறிய கடிச்சிட்டா பேச முடியாதுய்யா. இன்னா சொல்லணுமோ இப்பவே சொல்லிடு."