கூரைக்கு மேல் வந்த டேங்க்

கோட்டைச் சுவருக்குள் அடங்கிய அந்தப் பழைய ஊரில் தெருக்களெல்லாம் படிக்கட்டுகள். வீடு முழுக்கக் கேஸ் தரும் பெரிய டேங்க்கைக் கொல்லைக்குள் கொண்டுபோக கிரேன்தான் வழி என்று அதைப் பொருத்தித்தரும் ஃபிட்டர் சொல்லிவிட்டார். வீட்டுக்காரரான தையல்காரர் மறுபேச்சுப் பேசவில்லை. விமானத்தில்தான் வரும் என்றாலும் சரியென்றிருப்பார்.

அவர் மனைவி மகள் வீட்டுக்குப் போய் இது மூன்றாவது குளிர்காலம். பேத்தி பிறந்தபோது போனவள். இங்கே வெந்நீருக்கும் அறையைச் சூடாக்கவும் விறகுதான். அந்தப் புகையில் அவளுக்கு ஓயாத இழுப்பு. "அந்த வீட்டுப் புகை அம்மாவுக்கு ஆகாதுப்பா" என்று மகள் நிறுத்தி வைத்துக்கொண்டாள். அவரோ யாரையும் வாய்விட்டுக் கூப்பிட்டுப் பழகாத மனிதர். அதற்குப் பதில் டேங்க்குக்குச் சொல்லிவிட்டார்.

தெருவிலிருந்து பார்த்தால் டேங்க் தெரியக்கூடாது என்று நகராட்சி கறாராகச் சொன்னது. வீட்டைவிட்டுத் தள்ளி, பின்மதிலோரம் மேடை போட இடம் பார்த்தார்கள். அங்கேதான் அவர் மனைவி துவைக்கிற கல் கிடந்தது.

"இதைத் தூக்கிப் போட்டுடலாமா?" என்றார் ஃபிட்டர்.

"ஐயையோ, வேண்டாம். அந்தப் பக்கம் நகர்த்திக்கலாம்." தையல்காரரும் ஒரு கை கொடுத்தார். அப்புறம் ரெண்டு நாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டேதான் நடந்தார்.

டேங்க் வந்த காலையில் தெருவே மாடியில் நின்றது. கோட்டை வாசலுக்கு வெளியே நின்ற கிரேன், அந்த வெள்ளை உருளையை ஓட்டுக்கூரைகளுக்கு மேலே மெதுவாக நகர்த்தி வந்தது.

"அண்ணே, அண்ணியை வரவழைப்பீங்கன்னு பாத்தா டேங்க்கை வரவழைக்கிறீங்களே!" என்று எதிர்வீட்டுக்காரி கத்தினாள். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துவைத்தார்.

உடனே மனைவிக்கு வீடியோ கால் போட்டு, போனை வானத்தைப் பார்க்கப் பிடித்தார்.

"அடக் கடவுளே, யார் வீட்டு ஓட்டை உடைக்கப்போகுது அது?" என்று சிரித்தாள்.

"நம்ம வீட்டுக்குத்தான் வருது."

சிரிப்பு நின்றுவிட்டது. "சொல்லவே இல்லையே நீங்க."

சாயங்காலத்துக்குள் ஃபிட்டர் குழாய்களை இணைத்து, ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி வருகிறதா என்று பார்த்து முடித்தார். அடுப்பு நீலமாக எரிந்தது, அறை ஹீட்டரும் சூடேறியது. மறுபடியும் போன் போட்டார்.

"புகையே இல்ல, பாரு."

"ம்ம்." பின்னால் குழந்தை பாட்டியைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. "இவ நானில்லாம சாப்பிடமாட்டா. பெத்தவளும் வேலைக்குப் போறா. நான் எப்படிங்க வர்றது?"

புகை மட்டும்தான் குறுக்கே நிற்கிறது என்று இத்தனை நாளும் நினைத்திருந்தவர், அடுப்பைக் காட்டிக்கொண்டிருந்த போனைத் தன் முகத்துக்குத் திருப்பினார்.

"நீ வா," என்றார் கடைசியில். "வீடு கதகதப்பா இருக்கு. நீ இல்ல."

"இந்த வார்த்தையை இவ்வளவு நாளா எங்க வெச்சிருந்தீங்க?"

மகள் லீவு போட்டதும் மனைவி ஒரு மாதத்துக்கு வந்தாள். இழுப்பு எட்டிப் பார்க்கவில்லை. கடையைப் பாதி நாள் பூட்டிப் போட்டுவிட்டு, அவர் சமையலறையில் உட்கார்ந்து சட்டைக்குப் பட்டன் தைத்தார். "கடைக்குப் போகலையா?" என்று கேட்பாள். "போறேன், போறேன்" என்பார், போகமாட்டார்.

மாதம் ஓடியே போய்விட்டது. பெட்டியை அவரே சுமந்துபோய் பஸ்ஸில் ஏற்றினார். பஸ் இன்னும் திருப்பத்தைத் தாண்டவில்லை, போனை எடுத்துவிட்டார்.

"என்னங்க, எதையாவது மறந்துட்டேனா?"

"ஒண்ணுமில்ல," என்றார். "சும்மாதான் கூப்பிட்டேன்."