உப்பும் உறக்கமும்

இப்போது உள்ள ஆட்களில் ஒருத்தனுக்கும் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்கத் தெரியாது. "என்ன சாப்பிட்டீங்க?" என்றுதான் கேட்பான். எதிரே நிற்கிறவன் வயிறு நிறைந்ததா காய்ந்ததா என்பது அவனுக்குக் காரியமில்லை. உள்ளே கிடப்பது அரிசியா தினையா என்று அறிய வேண்டும். அறிந்ததும், அது கூடாது என்பான். சாயாக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, சாயாவை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டே, சாயா உடம்புக்குக் கேடு என்பான்.

செங்கல் ஊர்க்காரர் குட்டப்பனுக்கு இந்த வர்க்கத்தைக் கண்டாலே ஆகாது. எழுபது கடந்த மனுஷன். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். வாழையும் மரச்சீனிக் கிழங்கும் வைத்துப் பிழைத்தவர். மண்ணைத் தவிர எதையும் நம்பியதில்லை. மண்ணையும் ஒரு மழை பெய்த பிறகுதான் நம்புவார்.

ஆனால் அவரிடம்தான் எல்லாரும் என்ன தின்றீர் என்று கேட்டார்கள். காரணம், அவருடைய சுகக்கேடு ஊருக்கே தெரியும். டாக்டர் அதற்கு பைபோலார் என்று ஒரு பெயர் சொன்னார். குட்டப்பன் வாயில் அது நிற்காது. அவருக்கு அது ஏற்றமும் இறக்கமும். ஏற்றம் வந்தால் உறக்கம் வேண்டாம், சோறு வேண்டாம், உலகத்தில் தன்னால் ஆகாத காரியம் ஒன்று கிடையாது. இறக்கம் வந்தால் எழுந்து வேட்டியை உடுப்பதே மலையைத் தூக்குவது போல. சுவரைப் பார்த்துக்கொண்டு கிடப்பார்.

மகன் ஜிஜினின் கல்யாணத்துக்கு முன்பு அப்படி ஓர் ஏற்றம் வந்தது. மூன்று இரவு கண் மூடவில்லை. விளையாத மரச்சீனியை முழுக்கப் பிடுங்கி, பட்டுச்சேலை உடுத்து வந்த பெண்களுக்கெல்லாம் மண்ணோடு கிழங்கு கொடுத்தார். மைக்கைப் பிடித்தவர் விடவில்லை. அவர் பேசி முடிப்பதற்குள் தாலி கட்டும் முகூர்த்தம் கடந்துவிட்டது. நாலு பேர் சேர்ந்து அவரை மேடையிலிருந்து இறக்கினார்கள். பிறகு மாதக்கணக்கில் சுவர்தான். அதற்கப்புறம்தான் நெய்யாற்றின்கரையில் டாக்டரைப் பார்த்து, இந்த லித்தியம் மாத்திரை.

இப்போது மகள் அனுமோளுக்குக் கல்யாணம் உறுதியாகியிருந்தது, சித்திரை கடைசியில். மணப்பெண்ணின் கையைப் பிடித்து மாப்பிள்ளையின் கையில் வைப்பது தகப்பனின் வேலை. அதில்தான் வழக்கு.

"மாமன் கைபிடிச்சுக் குடுக்கட்டு. அப்பா முன்வரிசையில இருந்து பாத்தா போதும்," என்றான் ஜிஜின். மாமன் என்றால் தாய் விலாசினியின் அண்ணன் தங்கையன்.

"எனக்க கைய எனக்க அப்பாதான் பிடிச்சுக் குடுக்கணும்," என்றாள் அனுமோள். "இல்லேங்கில் நான் கைய பாக்கெட்டுல போட்டுட்டு நிப்பேன்."

"சேலையில ஏதுட்டி பாக்கெட்டு?"

"தைப்பேன் அண்ணா. நீ உனக்க சோலிய பாரு."

"எனக்க கல்யாணத்துல நான் பட்ட நாணக்கேடு நீ படாண்டாம்னு சொல்லுகேன் மக்கா. செரி, அதுவரைக்கும் அப்பா நேரா இருந்தா பாப்போம்."

கதவுக்குப் பின்னால் நின்ற குட்டப்பன் அதைக் கேட்டுவிட்டார். உள்ளே வரவில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாழைத் தோப்புக்குப் போனார். மகன் மீது கோபம் வரவில்லை. வராததுதான் கஷ்டமாக இருந்தது. கல்யாணம்வரை நேராக இருக்க வேண்டும். மாத்திரை தின்றுகொண்டுதான் இருக்கிறார். அது போதுமா என்று யாருக்குத் தெரியும்? கூட ஒரு முட்டுக்கொடுத்தால் என்ன, குலை தள்ளிய வாழைக்குக் கொடுப்பதுபோல?

அந்த எண்ணத்தில்தான் வாசகசாலையில் பொன்னுதாஸ் நடத்தும் இயற்கை வாழ்வு வகுப்பில் போய்ப் பின்னால் நின்றார். பொன்னுதாஸ் கல்ஃபில் ஏசி பழுது பார்த்துவிட்டு வந்தவன். இப்போது மனுஷரைப் பழுது பார்க்கிறான்.

"வாங்க அண்ணாச்சி! உங்களுக்க சீக்குக்கு மூலகாரணம் உப்பாக்கும். உப்பு ரத்தத்தக் கொதிக்க வைக்கும், கொதிச்சா மண்டையில ஏறும். உப்ப விடுங்க, தானா அடங்கும். இந்தா, தடியங்காய்ச் சாறு, வெள்ளைப் பூசணியாக்கும்."

குட்டப்பன் தம்ளரை மோந்து பார்த்தார். "இத எனக்க பசு குடிக்காதுலே. குடிச்சா பெறவு என்னைய முட்டும்."

வகுப்பே சிரித்தது. அவர் சாறைத் தொடாமல் வீட்டுக்கு வந்தார். ஆனால் உப்பு மட்டும் மனதில் தங்கிவிட்டது. கொடுப்பவனை அவர் நம்பமாட்டார். தின்னு என்பவன் விற்க வந்தவன். குடி என்பவன் ஏமாற்ற வந்தவன். ஆனால், விடு என்று சொல்பவனுக்கு என்ன லாபம்? ஒன்றை விட்டால் என்ன கெட்டுப்போகும்? மாத்திரையை நிறுத்தினால்தானே தப்பு? அதை அவர் நிறுத்தவில்லையே.

மறுநாள் கஞ்சிக்கு உப்பு வேண்டாம் என்றார். விலாசினி அகப்பையோடு நின்றாள்.

"நாக்குக்கு என்னது கேடு?"

"டாக்டர் சொல்லிச்சு."

டாக்டர் சொன்னார் என்றால் விலாசினிக்கு அப்புறம் பேச்சில்லை. அவருக்கென்று தனிச் சட்டியில் உப்பில்லாத குழம்பு வைத்தாள். ஊறுகாய் போயிற்று, கருவாடு போயிற்று. வெயிலோ தலையைப் பிளந்தது. அந்த வெயிலில் வாழைக்குத் தண்ணீர் கோரி, வேர்வை வழிய வழிய நின்றார். வாயில் ருசி இல்லாததால் சரியாகத் தின்னவும் இல்லை. இதுதான் உடம்பு நேராகிற அடையாளம் என்று நினைத்துக்கொண்டார்.

முதலில் கை. சாயாத் தம்ளரை எடுத்தால் பாதி சாயா வேட்டியில் விழுந்தது. பிறகு குமட்டி ஓங்கரிப்பு. வயிறு இளகியது. ஒரு சாயங்காலம் வரப்பில் நடந்தவர், கரையில் இருந்துகொண்டே படகில் நிற்பவரைப் போல ஆடினார். ஜிஜின் வண்டியை நிறுத்திவிட்டு ஓடி வந்தான்.

"அப்பா குடிச்சிட்டுண்டா?"

"போலே." நாக்கு குழறியது. கையைத் தோர்த்துத் துண்டுக்குள் ஒளித்தார். கல்யாணத்தன்று மகளின் கையைப் பிடிக்க வேண்டிய கை. அது தனக்குச் சம்பந்தமில்லாத பிராணியைப் போலத் துண்டுக்குள் துள்ளியது. பின்னாலேயே ஓடி வந்த அனுமோள் துண்டை விலக்கிப் பார்த்தாள். அடுத்த நிமிடம் அவர் ஆட்டோவில் இருந்தார்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள், கையில் டிரிப் ஏற்றினார்கள். மாத்திரை தந்த அதே டாக்டர்தான்; சின்னப் பெண், கண்ணாடி போட்டவள். ரிசல்டைப் பார்த்துவிட்டு முகம் மாறிக் கேட்டாள்.

"மாமா, மருந்து ரத்தத்துல ரொம்பக் கூடியிருக்கு. குளிகை கூடுதல் தின்னீங்களா?"

"இல்ல."

"வேற ஏதாவது மாத்தினீங்களா? தீனியில?"

குட்டப்பன் கூரையைப் பார்த்தார். விலாசினிதான் சொன்னாள்: "ஒண்ணும் மாத்தல்லியே டாக்டரே. நீங்க சொன்னதாட்டு உப்ப விட்டதுதான்."

"நான் சொன்னேனா?"

விலாசினி மெல்லத் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு டிரிப் ஊசி தேவலை.

டாக்டர் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தாள். "உப்பும் இந்த மருந்தும் உடம்புல ஒரே வழியா போறதாக்கும். உப்பு வராம போனா, உள்ளதையாவது விடாண்டாம்னு உடம்பு பிடிச்சு வைக்கும். கூடவே மருந்தையும் பிடிச்சு வைக்கும். அது கூடினா விஷம். வெயிலுல வேர்த்து, தண்ணி குறைஞ்சா இன்னும் வேகம். மனசிலாச்சா? உப்பக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். எப்பவும் போல."

"அப்போ அந்தப் பொன்னுதாசு சொன்னது முழுக்கக் கள்ளம்."

"முழுக்கன்னு இல்ல. தீனி காரியம்தான். சாளை மீனு நல்லது, கீரை நல்லது, காலை வெயிலுல நடக்கது நல்லது. சாயங்காலத்துக்கு மேல சாயா வேண்டாம். எல்லாத்துக்கும் மேல உறக்கம். தினமும் ஒரே நேரத்துல படுத்து, ஒரே நேரத்துல எழும்பணும். உங்க ஏற்றம் முதல்ல உறக்கத்தைத்தான் திங்குது. ஆனா இதெல்லாம் மருந்துக்குத் துணை, மருந்துக்குப் பதில் இல்ல. புதுசா எது செய்யணும்னாலும் முதல்ல இங்க கேளுங்க."

"சாளை தின்னா மண்டை நேராகும்னா, சந்தையில கிடக்க பூனை முழுக்க வக்கீலா இருக்கணுமே மோளே."

டாக்டர் சிரித்துவிட்டாள். "பூனை நல்லா உறங்கும் மாமா. கேஸ் ஒண்ணும் இல்லாம இருக்கது அதனாலதான்."

கொஞ்ச நாள் மருந்தை நிறுத்தி, ரத்தம் சரியானதும் அளவைக் குறைத்துத் திரும்பவும் தந்தார்கள். வீட்டுக்கு வந்தவுடன் ஆட்சி அனுமோள் கைக்குப் போயிற்று. ஒன்பது மணிக்கு டிவி அணைந்தது. சாயங்காலச் சாயா நின்றது. சாளை கிடைத்த நாளெல்லாம் விலாசினி தேங்காய் அரைத்துக் குழம்பு வைத்தாள், உப்புப் போட்டு. "உங்களுக்க டாக்டர் சொல்லிச்சு," என்று குத்திக்கொண்டேதான் பரிமாறுவாள். குட்டப்பன் மரச்சீனியைக் குழம்பில் முக்கித் தின்றார். கோழியைப் பிடித்து அடைப்பதுபோலத் தன்னை அடைக்கிறார்கள் என்று வாழைகளிடம் முறையிட்டார்.

ஆனால் ஒரு காரியம் செய்தார். காலையில் எழுந்ததும் அடுக்களைக்குப் போய், ஒரு தம்ளர் சாயாவை விளிம்புவரை நிறைத்து, முற்றத்தைக் கடந்து நடந்து, வண்டி துடைத்துக்கொண்டிருக்கும் மகன் முன்னால் கொண்டுபோய் வைப்பார். முதல் நாட்களில் பாதித் தம்ளர்தான் போய்ச் சேர்ந்தது. ஜிஜின் அந்தப் பாதியைக் குடித்தான். பிறகு முக்கால். சித்திரை பாதியில் ஒரு நாள் தம்ளர் நிறைந்தே போய்ச் சேர்ந்தது. ஜிஜின் தரையில் சொட்டு கிடக்கிறதா என்று குனிந்து பார்த்தான். அடுக்களையில் விலாசினி கேட்டாள்: "கை நின்னுட்டுதே. உறக்கமா, மீனா?"

"வெயில் குறைஞ்சிட்டு. அதாக்கும்."

கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் காய்வெட்டு. பந்தலில் வெளிச்சம், ஒலிபெருக்கியில் பாட்டு, பாயை விரித்து அயல்வீட்டார் முழுக்க அவியலுக்குக் காய் நறுக்க உட்கார்ந்தார்கள். பொன்னுதாசும் வந்தான்.

"அண்ணாச்சி முகம் தெளிஞ்சிட்டே! பாத்தியளா, இயற்கைக்க சக்தி."

"உனக்க இயற்கை எனக்கு நேரா சொர்க்கத்துக்கு டிக்கெட்டு எடுத்ததுலே. காய வெட்டு. வாயால வெட்டாண்டாம்."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். குட்டப்பன் கத்தியை வாங்கினார். "இதென்ன, அவியலுக்கா விறகுக்கா வெட்டியது? விரல் நீளம் போதும்." நறுக்க நறுக்கக் கை பறந்தது. அவர் சொன்ன அடுத்த தமாஷுக்கு இன்னும் கூடுதல் சிரித்தார்கள். அதற்கு அடுத்ததற்கு ஒருத்தி கண்ணைத் துடைத்தாள். அப்போது அவருக்கு ஒரு யோசனை உதித்தது. தோப்பில் நிற்கிற குலை முழுவதையும் இன்றைக்கே வெட்டி, வாசலிலிருந்து ஜங்ஷன்வரை ரோட்டின் இரண்டு பக்கமும் தொங்கவிட்டால்? மாப்பிள்ளை வீட்டார் குலைக்கு நடுவே நடந்து வரட்டும்! அவரே தனியாகச் செய்துவிடலாம். விடியும்வரை நேரம் கிடக்கிறது. இத்தனை நல்ல யோசனை இதுவரை ஒருத்தனுக்கும் வந்திருக்காது.

கத்தி நின்றது.

அந்த யோசனையின் இனிப்பு அவருக்குத் தெரிந்த இனிப்பு. விளையாத மரச்சீனியைப் பிடுங்கியபோதும் இதே இனிப்புதான் நாக்கில் இருந்தது. நிமிர்ந்து பார்த்தார். பந்தலின் அந்தப் பக்கம் அனுமோள், மருதாணி காய்வதற்காகக் கையை முன்னால் நீட்டிக்கொண்டு, தோழிகளோடு பேசிக்கொண்டிருந்தாள். அவள் இவரைப் பார்க்கவில்லை. யாரும் இவரைக் காவல் காக்கவில்லை.

கத்தியைக் காய்மேல் வைத்துவிட்டு எழுந்தார்.

"எங்க போறிய அண்ணாச்சி? இனிதானே ரசம்!" என்றான் தோப்புக்கு அப்பால் குடியிருக்கும் பினு.

"உனக்க வீட்டுக்குத்தான். அங்கதானே எனக்கு உறங்கப் பாய் போட்டிருக்கு, பாட்டு கேக்காதுலா."

"மணி எட்டரைகூட ஆவல்ல. கோழி கூட்டுக்குப் போவுது!"

"போவுதுலே. காலையில கூவணும்லா."

சிரிப்புக்கு நடுவே நடந்தார். பாட்டு முதுகில் தட்டித் தட்டிக் கூப்பிட்டது. அந்தக் குலைகள் இன்னும் தலைக்குள் ரோடு நெடுக ஆடிக்கொண்டிருந்தன; விட்டுவிட்டு வருவது, குழந்தையைச் சந்தையில் விட்டு வருவதுபோல வலித்தது. பினு வீட்டு வழியில் திரும்பும்போது பின்னால் டார்ச் வெளிச்சம். ஜிஜின்.

"அப்பா, குளிகை?"

குட்டப்பன் சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார்.

ஜிஜின் டார்ச்சைத் தாழ்த்தினான். "மாமனுட்ட சொல்லியாச்சு. நாளைக்கு அப்பாதான் கைபிடிச்சுக் குடுக்கணும்."

"பின்ன ஆரு? உனக்க மாமனுக்கு நாலு பேரக் கண்டா கால்முட்டு இடிக்கும்." செருமினார். "போ. போய் அந்த அவியல் காயப் பாரு. விறகு வெட்டி வச்சிருக்கானுவ."

"இப்போ சொல்லுங்க அப்பா. எது நேராக்கிச்சு? மருந்தா, சாளையா, உறக்கமா?"

"ஒரு மண்ணும் இல்ல."

"பின்ன எதுக்கு இப்பம் உறங்கப் போறிய?"

"உங்க எல்லாருக்க சல்லியமும் நச்சரிப்பும் பொறுக்காமத்தான்லே."

திரும்பி நடந்தார். உறங்கினா நேராவுமாம், மீன் தின்னா நேராவுமாம், அந்தக் கண்ணாடிப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று முணுமுணுத்தபடி, பாட்டுச் சத்தம் எட்டாத பக்கமாக, கொஞ்சம் வேகமாகவே நடந்தார்.