வெளிர்நீல ஓய்வறை

காவேரிப்பட்டினத்து வஜிஹா 1991இல் இன்டீரியர் டிசைனில் ஆராய்ச்சி மாணவி. வெளிர்நீலச் சுவர் களைப்பைப் போக்கும் என்பது அவளுடைய பேராசிரியரின் கோட்பாடு. அதை நம்பி ஓசூர்த் தொழிற்சாலை ஒன்று பெண்களின் ஓய்வறைக்கு நீலம் அடித்தது. வஜிஹா நாற்பது நாள் போய்ப் பார்த்தாள். ஒருத்திகூட அங்கே படுக்கவில்லை; எல்லோரும் சைக்கிள் ஷெட்டில் சாய்ந்து கிடந்தார்கள்.

"கதவுல கண்ணாடி வெச்சிருக்காங்கம்மா. சூப்பர்வைசரு சீட்ல இருந்தே பாக்கறாரு. அங்க எப்பிடி காலு நீட்டறது?" என்றாள் அங்கே வேலை செய்யும் கெம்பம்மா.

வஜிஹா அதை அப்படியே எழுதினாள். பேராசிரியர் அந்தப் பக்கங்களைச் சிவப்பு மையால் அடித்தார்.

"இது வெறும் புலம்பல். கோட்பாட்டுக்குப் பொருந்தல, எடுத்துடு."

அவள் அந்தப் பக்கங்களை எடுத்து அடுக்கினாள். "பொருந்தலன்னா கோட்பாட்டத்தான் சார் திருத்தணும்."

"அப்ப வேற கைடு பாத்துக்கோ."

பார்த்துக்கொண்டாள். ஒரு வருடம் போயிற்று. பிறர் கண் படும் அறையில் உடம்பு ஓயாது என்பதையே தன் கோட்பாடாக வைத்து, அடித்த பக்கங்கள் அத்தனையையும் மீண்டும் எழுதினாள். வாய்மொழித் தேர்வன்று பழைய பேராசிரியரும் முன்வரிசையில் வந்து உட்கார்ந்தார். அவள் அவருக்கு வணக்கம் சொல்லவில்லை.