சட்டையில் டீசல் வாசனை

சிங்காரவேலின் மனைவி காந்திமதி கொஞ்ச நாளாக அவனுடைய சட்டையை ஊறப் போடும் முன்னால் மோந்து பார்க்கிறாள். அவன் கவனிக்காத நேரம் பார்த்துத்தான் செய்கிறாள். இத்தனை வருஷம் கூடக் குடித்தனம் நடத்தியவனுக்கு இதெல்லாம் தெரியாமலா போகும்? தெரிந்தது. தெரிந்த அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

எல்லாம் அந்தக் காரால் வந்த வினை. வடலூர் ஜெயகணேஷ், நிலக்கரிச் சுரங்கத்துக்குக் கான்ட்ராக்டில் பல கார்கள் விட்டிருக்கிறார். அதில் ஒன்று சிங்காரவேலின் கையில். கம்மாபுரம் பக்கம் இருந்த நிலம் சுரங்கத்துக்குப் போன பிறகு அந்தக் குடும்பத்துக்கு உருப்படியாய்க் கிடைத்த ஒரே பிழைப்பு அது. வண்டியை ஆரம்பத்திலிருந்தே அவன் பிள்ளை மாதிரிதான் பார்த்துக்கொண்டான். லிட்டருக்குப் பதினாலு கிலோமீட்டர் கொடுத்த அந்த வண்டி இப்போது பதினொன்றுக்கு இறங்கிவிட்டது. "டீசலை வண்டி குடிக்குதா, வேற யாருனா குடிக்கிறாங்களா?" என்று முதலாளி டீக்கடையில் நாலு பேர் முன்னால் சிரித்துக்கொண்டே கேட்டார். அந்தச் சிரிப்பு பஸ் பிடித்து, அவனுக்கு முன்னால் அவன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

சரி, ஓட்டியே காட்டுகிறேன் என்று ரோஷத்தோடு கிளம்பினான். நிறைமாசக்காரியை ஏற்றிக்கொண்டு போகிறவனைப் போல ஆக்சிலேட்டரை மெல்ல மிதித்தான். இஞ்சினை முறுக்கி இழுக்காமல் கியரைச் சீக்கிரமே மாற்றினான். ஷிஃப்ட் விடும் நேரத்தில் சுரங்கத்து கேட் அருகே பஸ்கள் அடைத்து நிற்கும்போது இஞ்சினை அணைத்துவிட்டு வேர்த்து வழிய உட்கார்ந்திருந்தான். பின்னால் கிடந்த சங்கிலி, கடப்பாறை, பழைய டயர் எல்லாவற்றையும் இறக்கிப் போட்டான். காலையில் டயர் சூடாகும் முன்பே பங்க்கில் காற்றுப் பிடித்தான். "என்னப்பா, மாட்டு வண்டியா ஓட்டுற?" என்று காரில் வரும் சுரங்கத்து அதிகாரி சலித்துக்கொண்டார். "வண்டிக்கு நல்லதுங்க சார்" என்று சொல்லிவிட்டு அப்படியே ஓட்டினான்.

ஏர் ஃபில்டரை மட்டும் விடுவானா? சுரங்கத்தில் தூசிக்கு என்ன பஞ்சம். மேல்மண் சிவப்பாய்ப் பறக்கும், கரி கறுப்பாய்ப் பறக்கும். டம்பர் லாரிக்காரர்கள் ஒர்க்‌ஷாப் கம்ப்ரசரில் ஃபில்டரைப் பிடித்து ஊதுவதைப் பார்த்து, வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே இவனும் பழகிக்கொண்டான். வாரம் ஒரு தடவை ஊதிக்கொண்டிருந்ததை இப்போது தினமும் ஆக்கினான். குழாயை நெருக்கிப் பிடித்து, மடிப்பு மடிப்பாக, தூசி புகையாய்ப் போகும் வரை ஊதினான். அந்த வண்டிக்குச் செய்ததில் அவனுக்கு ரொம்பப் பெருமை இதில்தான்.

மைலேஜ் ஒன்பதுக்கு வந்தது.

ஜெயகணேஷ் வீட்டுக்குக் கூப்பிட்டார். கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "சிங்காரம், நானும் டிரைவரா இருந்தவன்தான். ரெண்டு லிட்டர், மூணு லிட்டர் எடுக்காதவன் எவன்? எடுத்தேன், இனிமே எடுக்க மாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. வேலையைப் பாத்துகினு இரு. திங்கக்கெழமை வந்து சொல்லு."

"நான் எடுக்கல மொதலாளி."

"திங்கக்கெழமை" என்று அவர் எழுந்துகொண்டார்.

வீட்டில் சொன்னான். காந்திமதி அடுப்பைத் தணித்தாள். பிறகு, "எடுத்திருந்தா ஒத்துக்கினு போயிடுங்களேன். வேலையாச்சும் நிக்கும்" என்றாள்.

எடுத்திருந்தா! அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததை அவனால் தாங்க முடியவில்லை. ஊரே சொல்லட்டும், இவளுமா? வெளியே போய், வாசலில் நின்ற காரின் பானெட்டைத் தூக்கினான். கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது.

ஃபில்டரைக் கழற்றி வெயிலுக்கு நேரே பிடித்தான். காகிதத்தின் மடிப்புகளில் கோடு கோடாக வெயில் பளிச்சென்று வந்தது. முதலில் விளங்கவில்லை. நகத்தை வைத்துப் பார்த்தான், நகம் உள்ளே போனது. அவசரமாக இஞ்சினுக்குப் போகும் குழாயைக் கழற்றி உள்ளே விரலை விட்டான். தூசியே இருக்கக் கூடாத இடம் அது. விரல் சிவப்பாக வந்தது.

டம்பர் ஃபில்டர் தடியானது, அந்தக் காற்றைத் தாங்கும். இது வெறும் காகிதம். ஊதி ஊதி அவனே கிழித்திருக்கிறான். கிழிசல் வழியாக இஞ்சின் இத்தனை மாதமாகச் சுரங்கத்து மண்ணைத் தின்றிருக்கிறது. கொஞ்ச நாளாய் வந்த நீலப் புகை, ஏற்றத்தில் வந்த திணறல், ஆயில் குறைந்தது, எல்லாம் ஒவ்வொன்றாய் ஞாபகம் வந்தது. இஞ்சின் தேய்ந்துதான் டீசலைக் குடித்திருக்கிறது.

புது ஃபில்டரை மாட்டிவிட்டு வாயை மூடிக்கொள்ளலாம். திங்கட்கிழமை போய் 'எடுத்தேன்' என்று தலையைச் சொறியலாம். வேலை நிற்கும். இஞ்சின் தேய்ந்தது வெளியே வரும்போது வண்டிக்கு வயசாகிவிட்டது என்றுகூடச் சொல்லிக்கொள்ளலாம். இரவெல்லாம் இதையே புரட்டினான். பக்கத்தில் அவளும் தூங்காமல்தான் படுத்திருந்தாள்.

திங்கட்கிழமை காலை வண்டியை வடலூரில் நிறுத்திவிட்டு, கிழிந்த ஃபில்டரை முதலாளியின் மேஜை மேல் வைத்தான். நடந்ததைச் சொன்னான். ஜெயகணேஷ் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"எடுத்தேன்னு சொல்லிட்டுப் போயிருக்கலாமேடா" என்றார். குரலில் நிஜமாகவே வருத்தம் இருந்தது. "டீசல் எடுத்தவனை வெச்சிக்குவேன். அவனை மெரட்டலாம், அடக்கலாம். இஞ்சினையே முடிச்சவன் கையில இன்னொரு வண்டிய எப்பிடிடா குடுக்கறது?"

அவர் கேட்டதில் தப்பில்லை என்று சிங்காரவேலுக்கே பட்டது. சாவியை ஃபில்டரின் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தான்.

பஸ்ஸில் வீடு வந்து சேர்ந்தவனைப் பார்த்ததும் காந்திமதி வாசலுக்கு வந்தாள். கார் இல்லாததைப் பார்த்தாள்.

"நான் எடுக்கலன்னு ஆயிடுச்சு" என்றான்.

"வேலை?"

"அது போயிடுச்சு."

ஃபில்டர் கதையை நின்றபடியே சொன்னான். பாதியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு முடித்தான். அவள் உள்ளே போய் வாளியில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு வந்தாள்.

"சட்டையக் கழட்டிக் குடுங்க."

கழற்றிக் கொடுத்தான். வாங்கிய கையோடு அதை வாளிக்குள் போட்டு அமுக்கினாள். மோந்து பார்க்கவில்லை.