மங்கோலியக் குதிரையும் ஜப்பான் மலையும்

1

இந்தக் கதை குற்ற உணர்ச்சியில் பிறந்தது. கலைத்தாகம் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் கிழக்குத் தாம்பரத்தில் பெண்பிள்ளைகளுக்குச் சரித்திரம் நடத்தும் திரிபுரசுந்தரியான எனக்கு அதெல்லாம் பொருந்தாது. முதலில் இப்படித் தொடங்கினேன்:

‘1281. குப்ளாய் கானின் கப்பல்கள் ஜப்பான் கரையை நெருங்கியபோது கடல்…’

(அடித்துவிட்டேன். கடலை நான் பார்த்ததெல்லாம் மெரினாவில், சுண்டல் தின்றுகொண்டு.)

2

சுருக்கமாகச் சொல்கிறேன். மங்கோலியர்கள் ஜப்பான்மேல் இரண்டு முறை படையெடுத்தார்கள். இரண்டு முறையும் புயல் வந்து கப்பல்களைக் கவிழ்த்தது என்பார்கள். 1939இல் மஞ்சூரிய எல்லையில் மறுபடி மோதல். 1972 பிப்ரவரியில்தான் முறையான தூதரக உறவு. எங்கள் காலனியில் அந்தச் செய்தியைக் கத்தரித்து வைத்தவர்கள் இரண்டே பேர்.

ஒருவர் ரயில்வே பார்சல் ஆபீஸ் லாசரஸ் சார். மங்கோலியத் தபால்தலை சேர்ப்பவர். மற்றவர் இன்சூரன்ஸ் ஆபீஸ் லக்ஷ்மிநாராயணன் சார். அவருக்கு ஜப்பான். பத்து வருஷமாக ஒரே மின்சார ரயிலில் ஒரே பெஞ்சில் போய்வந்தவர்கள். உறவு மலர்ந்ததைக் கொண்டாட, டிசம்பர் தபால்தலைக் கண்காட்சிக்காக இருவரும் சேர்ந்து ஒரே ஆல்பம் போட்டார்கள். இடது பக்கம் ஜப்பான், வலது பக்கம் மங்கோலியா, நடுவில் பட்டர் பேப்பர்.* தலைப்பு எழுதிக் கொடுத்தது நான். என் கையெழுத்து நன்றாக இருக்கும்.

*புதுத் தபால்தலையின் பின்பக்கப் பசை ஈரக்காற்றில் இளகி எதிரே இருப்பதைப் பிடித்துக்கொள்ளும். அதற்குத்தான் இந்தத் தாள்.

3

ஐப்பசியில் புயல் வந்தது. நான்கு நாள் விடாத மழை. லாசரஸ் சார் வீட்டிலிருந்த ஆல்பத்தை, மழை விட்டதும் என் வீட்டில் வைத்துத் திறந்தார்கள். எதிரெதிரே இருந்த இரண்டு பக்கங்கள் ஒட்டிக்கொண்டு திறக்கவில்லை. நான் காபி குடித்துக்கொண்டிருந்தேன்.

“உங்க ஃபூஜி மலை என் குதிரையைப் புடிச்சிகினு வுடமாட்டேங்குது சார்.”

“உம்ம குதிரைதான் ஓய் என் மலைமேல ஏறி உக்காந்துண்டிருக்கு. நடுவுல இருந்த பேப்பர் எங்கே?”

“இன்னா சார், நான் தின்னுட்டேனா?”

“உங்காத்துலதானே இருந்தது?”

“அப்போ நான் திருடுனேன்றீங்க.”

“நான் சொல்லலை. நீரே சொல்றீர்.”

மறுநாளிலிருந்து ஒருவருக்கு எட்டு பத்து ரயில், இன்னொருவருக்கு எட்டு இருபத்தைந்து.

4

பழியை யார் தலையில் போடுவது? ஒரு பிரதியில் லாசரஸ் சாரின் மனைவி தபீதாள் அக்கா அந்தத் தாளைக் கேக் தட்டில் விரித்துவிட்டார் என்று எழுதினேன். நம்பும்படியாகத்தான் இருந்தது. அன்று மாலையே அக்கா ஒரு டப்பா முறுக்கோடு வந்து, “என்னம்மா எழுதுறே?” என்றார். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கிழித்துப் போட்டேன்.

தலைப்பு எழுத ஆல்பம் என் வீட்டில் இருந்தபோது தாளை எடுத்தது நான்தான். மங்கோலியா வரைபடத்தைப் படியெடுக்க மெல்லிய தாள் வேண்டியிருந்தது. அந்த நாட்டின் எல்லை வளைந்து வளைந்து போய்க்கொண்டே இருக்கும். ஒருவழியாக வரைந்து முடித்த சந்தோஷத்தில் தாளைத் திருப்பி வைக்க மறந்துவிட்டேன். அன்றைக்கே சொல்லியிருக்கலாம். வாயில் காபி இருந்தது. காபி இறங்கிய பிறகும் சொல்லவில்லை. இரண்டு வருஷம் ஓடிவிட்டது. இரண்டு பேருக்கும் என்மேல் பிரியம், அது போய்விடுமே என்ற பயம்தான்.

5

முடிவுகள்:

(அ) இருவரும் ரயிலில் கட்டித்தழுவி… (காலை எட்டு மணித் தாம்பரம் ரயிலில் கையைத் தூக்கவே இடமில்லை.)

(ஆ) நான் இருவர் காலிலும் விழுந்து… (முழங்கால் வலி. விழுந்தால் அவர்கள்தான் சேர்ந்து தூக்க வேண்டும். யோசித்தால் இதுகூட மோசமில்லை.)

(இ) இந்தக் கதை வெளிவரும் பத்திரிகையை எங்கள் தெருவில் ஒரே பிரதி வாங்கி வீடு வீடாகப் படிக்கிறோம். முதலில் லாசரஸ் சார், அடுத்து அவருக்கு எதிர்வீட்டு லக்ஷ்மிநாராயணன் சார். சண்டைக்குப் பிறகு அது என் வீட்டு வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறது. லாசரஸ் சார் என்னிடம் தருவார், நான் எதிர்வீட்டில் கொடுப்பேன்.

ஆகவே, மற்ற வாசகர்கள் மன்னிக்க வேண்டும், இனி வருவது உங்களுக்கில்லை.

லாசரஸ் சார், நான் செய்தது பெரிய தப்பு. தாள் உங்கள் வீட்டில் தொலையவில்லை. லக்ஷ்மிநாராயணன் சார் உங்களைக் கேட்டதும் தப்பு, நீங்கள் கோபித்துக்கொண்டது நியாயம். இந்த வாரம் என் வீடு பூட்டியிருக்கும், வண்டலூரில் தங்கை வீட்டுக்குப் போகிறேன். பத்திரிகையை நீங்களேதான் எதிர்வீட்டில் கொடுக்க வேண்டும். அவர் காலை ஏழு மணிக்குக் கதவைத் திறந்துவிடுவார். நீங்கள் போனீர்களா என்பதை நான் எழுதப்போவதில்லை.